மூன்றாவது ஜெராக்ஸ்

“தம்பி, இத ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கினு வா” என்று பத்திர எழுத்தர் என் ஆதார் அட்டையை நீட்டிய அந்தக் காலை இன்னும் கண்முன் நிற்கிறது. திண்டிவனம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் அவருடைய அறை. அம்மா பெயரில் இருந்த வேர்க்கடலை போடும் ஒரு ஏக்கர் மல்லாட்டைக் காட்டை என் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக்கொள்ள அவளை அழைத்துப் போயிருந்தேன். அதை விற்று விழுப்புரத்தில் வீடு கட்டுவதாகத் திட்டம். ஏற்கெனவே இரண்டு ஜெராக்ஸ் கொடுத்தாயிற்று. மூன்றாவது எதற்கு என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

எங்கள் பக்கத்தில் செட்டில் என்ற சொல் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. பையனுக்கு வேலை கிடைத்தால் செட்டில். பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் செட்டில். சென்னைக்குப் போய் ஊர்ப்பக்கமே வராதவனும் செட்டில்தான். வரப்புத் தகராறு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் செட்டில் ஆகும். காபி டிகாஷன்கூட அடியில் செட்டில் ஆகவேண்டும். பெற்றவள் தன் நிலத்தைப் பிள்ளைக்குச் சும்மா எழுதிக்கொடுக்கும் பத்திரத்துக்கும் அதே பெயர். விழுப்புரத்தில் செட்டிலானதும் அம்மாவை என்னோடு வைத்துக்கொள்வேன் என்று எழுத்தரிடம் நானாகத்தான் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ஜெராக்ஸோடு திரும்பியபோது அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். எழுத்தர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் எவ்வளவோ கிண்டிப் பார்த்தேன், டிக்கெட்டைப் பத்திரமாக வை என்றாள்.

அக்கா வீட்டுக்காரர் எழுத்தரைக் கையில் போட்டுக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். சந்தேகம் என் கூடப்பிறந்தது. விசாரித்ததில், அது அந்த ஆள் எல்லாரிடமும் செய்கிற வேலை என்றார்கள். வயதானவர்களைக் கூட்டிவருகிறவனை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்புவார்; எழுதிக்கொடுப்பவரிடம் தனியாக ஒரு கேள்வி கேட்பார்; பிறகுதான் பேனாவைத் திறப்பாராம். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எங்கள் குடும்ப விஷயத்தில் இவர் யார்? எப்படியோ முட்டிமோதிச் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டேன். காடு அம்மா பெயரிலேயே இருக்கிறது, அவள் ஊரிலேயே இருக்கிறாள். எழுத்தர் இறந்தபோது நான் போகவில்லை.

போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்காக அம்மா விழுப்புரம் வந்து எங்களோடு தங்கினாள். இத்தனை வருடம் கழித்து, அன்றைக்கு அந்த ஆள் அப்படி என்னதான் கேட்டார் என்று கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

“உம்புள்ள வூட்டுக்குப் போனா கதவ தட்டிட்டு உள்ள போவியா, தட்டாம போவியான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“தட்டிட்டுதான் போவேன்னேன். அப்ப யோசிச்சிக்கம்மான்னாரு.”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் அம்மா கடைக்குப் போய்விட்டு வந்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. கூடத்தில் நான் உட்கார்ந்திருப்பதும் அவளுக்குத் தெரிந்தது. வாசலில் நின்று, கொத்தமல்லிக் கட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கதவை இரண்டு முறை தட்டினாள்.