பவுடர் போடாத நீலம்

கண்டியிலும் சுற்றியுள்ள மலைகளிலும் கல்யாணம் முடித்த பெண்களில் பாதிப் பேரை வெள்ளையாக்கியது நான்தான். ஸ்டூடியோவில் எனக்குச் சம்பளம் தந்ததே அதற்குத்தான். கெமராக்காரர்கள் கொண்டுவந்து கொட்டும் படங்களைக் கம்பியூட்டரில் திருத்துவது என் வேலை. திருத்துவதென்ன, பட்டனைத் தட்டுவதுதான். ஸ்டூடியோ முதலாளியை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஒரே தட்டில் படம் முழுக்க வெளுத்துப் பளபளக்கும்படி அவர் ஒரு செட்டிங் செய்து வைத்திருந்தார். அதற்கு நாங்கள் வைத்த பெயர் பவுடர். எந்தப் படம் பிரின்ட்டுக்குப் போனாலும் "பவுடர் போட்டாச்சா?" என்று ஒரு தடவை கேட்டுவிடுவார். கெட்ட மனிதர் அல்ல. பெண் வீட்டார் கேட்பதைக் கொடுப்பவர், அவ்வளவுதான்.

என் வீட்டிலும் அந்த மாதிரி ஓர் அல்பம் இருக்கிறது. நான் பெரிய பிள்ளையானபோது, ஹுன்னஸ்கிரியப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்கு முன்னால் வைத்து எடுத்தது. முகத்தை மட்டும் வெளுத்த காலம் அது. அதில் முகம் கோதுமை மா நிறத்தில் இருக்கும். மடியில் கிடக்கும் கைகள் என் நிறத்தில் இருக்கும். வேறு யாருடைய தலையையோ கொண்டுவந்து என் கழுத்தில் வைத்ததுபோல. அம்மாவுக்கு அந்தப் படம் என்றால் உயிர். எனக்கோ அந்தப் பக்கத்தைத் திருப்பினாலே எரிச்சல் வரும்.

எனக்கும் கெமராவைக் கொடுங்கள் என்று அண்ணனிடம் பல தடவை கேட்டிருக்கிறேன். கல்யாண வீட்டில் கதிரை மேல் ஏறி நிற்க வேண்டும், கூட்டத்துக்குள் இடித்துக்கொண்டு போக வேண்டும், பொம்பளைப் பிள்ளைக்குச் சரிவராது என்பார். கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கியவளின் மகளுக்குக் கதிரையில் ஏறத் தெரியாதாம். வாயை மூடிக்கொண்டு கம்பியூட்டருக்குத் திரும்புவேன். உள்ளுக்குள் கொதிக்கும்.

வழி பிறந்தது ஒரு பெயின்ட் கடையிலிருந்து. டவுனில் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், எல்லோருக்கும் ஹாஜியார், புது வருடத்துக்குக் கலண்டர் அடிக்க வந்தார். அவருக்கு ஒரு சிக்கல். சாமி படம் போட்டால் ஒரு பகுதி வாடிக்கையாளர்கள் மாட்டமாட்டார்கள், புத்தர் படம் போட்டால் இன்னொரு பகுதி. நடிகை படமோ குழந்தைப் படமோ போடலாமென்றால் மனித உருவத்தை அவருடைய சொந்தக்காரர்களே சுவரில் மாட்டமாட்டார்கள். யோசித்து யோசித்து ஒரு முடிவோடு வந்திருந்தார். பூ, தண்ணீர், கட்டிடம். இந்த மூன்றைத் தவிர வேறொன்றும் வேண்டாம், எல்லாம் நம் கண்டிப் பக்கத்திலேயே எடுத்ததாக இருக்க வேண்டும், கலரைப் பார்த்துவிட்டு ஆட்கள் கடைக்கு வர வேண்டும் என்றார்.

கல்யாண சீசன். கெமராக்காரர்கள் ஒருவரும் கையில் இல்லை. வேறு வழியில்லாமல் அண்ணன் பழைய கெமராவை என்னிடம் தந்தார். ஹாஜியாருக்குப் பிடித்தால் அடுத்த சீசனிலிருந்து கல்யாணங்களுக்குப் போகலாம், பிடிக்காவிட்டால் கெமராப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டார். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

மழை விட்டபாடில்லை. வெயில் வரட்டும், பிறகு போ என்றார் அண்ணன். எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது அதுதான், வெயில் இல்லாவிட்டால் படம் இல்லை. ஆனால் நான் மூடுபனிக்குள் வளர்ந்தவள். மலையில் பனி இறங்கிய நாட்களில் அம்மாவின் சிவப்புத் தலைத்துண்டை எவ்வளவு தூரத்திலிருந்தும் கண்டுபிடித்துவிடுவேன். வெயில் அடித்தால் இலையெல்லாம் வெள்ளையாய் மின்னும், அந்தச் சிவப்பு எங்கோ தொலைந்துவிடும். அதனால் மழை விட்டு வானம் மூடியிருந்த நேரங்களாகப் பார்த்து நான் கிளம்பினேன். ஸ்டூடியோவில் சிரித்தார்கள்.

கண்டி வாவி அன்றைக்குக் கீரை கடைந்த பச்சையில் இருந்தது. கெலிஓயாவில் மகாவலி ஆறு பால் விடாத பிளேன்டீ நிறத்தில் புரண்டு போனது, கரையில் நின்ற மூங்கில் வாவியைவிடப் பச்சையாகத் தெரிந்தது. கலகெதரவில் ஒரு பழைய கடையின் மஞ்சள் சுவர் மழையில் ஊறி, காய்ந்திருந்தபோது இல்லாத ஓர் அழுத்தத்தோடு நின்றது. கடைசியாக எங்கள் லயத்துக்கே போனேன். பக்கத்து வீட்டு மாமா தீபாவளிக்கு முன்சுவருக்கு நீலம் அடித்திருந்தார். கூரை இறக்கத்துக்குள் இருந்ததால் நனையாமல் அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் ஒரு செவ்வரத்தைச் செடி, சிவப்புப் பூவெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட. தூறல் மறுபடி தொடங்க, அம்மா எனக்குக் குடை பிடித்தாள். வீட்டில் பூக்கிற பூவைப் படம் பிடிக்கவா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தாய் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் பிடித்தாள்.

படங்களைக் கம்பியூட்டரில் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மறுநாள் அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஹாஜியார் வந்திருக்கிறார். அண்ணன் தானே பிரின்ட் எடுத்து மேசையில் பரப்பியிருக்கிறார். நான் ஸ்டூடியோவுக்குள் நுழையும்போது ஹாஜியார் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் சுரத்தே இல்லை.

"மகள், இதில ஈக்கிற ஒரு கலரும் என்ட கடையில இல்லையே" என்றார்.

வெயில் இல்லாமல் எடுக்காதே என்று நான் அப்போதே சொன்னேன் என அண்ணன் ஆரம்பித்தார். நான் குனிந்து பார்த்தேன். வாவி சோப்புத் தண்ணீர்போல இருந்தது. செவ்வரத்தை ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தது. நீலச் சுவரில் நீலத்தையே காணோம். கெமரா கையை விட்டுப் போனது, இனி ஆயுள் முழுக்க அந்தக் கம்பியூட்டர்தான் என்று நினைத்தேன். பிறகுதான் அந்த வெளுப்பை எனக்குத் தெரியும் என்பது உறைத்தது. தினமும் நான் பார்க்கிற வெளுப்பு.

"அண்ணே, பவுடர் போட்டீங்களா?"

"போடாம? எல்லாத்துக்கும் போடுறதுதானே."

"பூவுக்குமா?"

பழக்கத்தில் கை போய்விட்டது என்றார் அண்ணன் மெதுவாக. அதோடு விட்டிருக்கலாம். பவுடர் போடாவிட்டால் எல்லாம் கறுத்துப் போய்க் கிடக்கும் என்றும் சொன்னார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததென்று இன்றைக்கும் தெரியாது.

"கறுப்பா இருந்தா கறுப்பாவே இருக்கட்டும், அண்ணே."

ஹாஜியார் அதற்குள் எழுந்து செருப்பைத் தேடத் தொடங்கியிருந்தார். ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும் நேரம் தாருங்கள் என்று கெஞ்சி உட்கார வைத்தேன். நான் எடுத்தபடியே, ஒன்றையும் தொடாமல், பிரின்ட்டுக்குக் கொடுத்தேன். வாவி வந்தது. ஹாஜியார் கோப்பையைக் கீழே வைத்தார். கலகெதரச் சுவர் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். செவ்வரத்தையும் நீலச் சுவரும் வந்தபோது சட்டைப் பையிலிருந்து பெயின்ட் கலர் கார்டை எடுத்து, பெருவிரலால் தள்ளித் தள்ளி ஒரு கட்டத்தில் நிறுத்திப் படத்தோடு ஒட்டிப் பிடித்தார்.

இந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். எங்கள் லயம் என்றேன்.

"இது நான் குடுத்த பெயின்ட். தீபாவளிக்கு முந்தி தோட்டத்து ஆக்கள் வந்து வாங்கிட்டுப் போனாங்க. இந்த நீலத்த அடிங்க, நல்லா ஈக்கும் எண்டு நான்தான் சென்னேன்." படத்தை என் பக்கம் திருப்பினார். "முதல் பக்கத்துக்கு இதப் போடுங்க, மகள்."

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தேன். வெளியே வந்தபோது அண்ணன் தன் கையாலேயே எனக்கு ஒரு டீ ஊற்றி வைத்திருந்தார்.

அந்த வருடம் எங்கே பார்த்தாலும் என் படம்தான். பாமசியில், சலூனில், கெலிஓயாப் பேக்கரியில், கோயில் ஒபிசில். ஒரு பள்ளிவாசல் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் அதைக் கண்டுவிட்டுப் பசியே இல்லாமல் உள்ளே போய்ச் சாப்பிட்டேன். அம்மா சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே மாட்டினாள். பக்கத்து வீட்டு மாமாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. கலண்டரில் வந்த சுவர் என்று அதில் ஒருவரையும் சாய விடுவதில்லையாம்.

கல்யாணங்களுக்கு என்னைக் கெமராவோடு அனுப்பும் பேச்சு மட்டும் இழுத்துக்கொண்டே போனது. பார்ப்போம், பார்ப்போம் என்றார் அண்ணன்.

பிறகு ஒரு நாள் மேல் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் தாயோடு வந்தாள். டீச்சர். நல்ல கறுப்பு, களையான முகம். அண்ணன் அல்பங்களை விரித்து, முகத்தை எவ்வளவு வெள்ளையாக எடுத்துத் தருவோம் என்று விளக்கினார். அவள் அல்பத்தைப் பார்க்கவேயில்லை. சுவரில் தொங்கிய கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தச் செவ்வரத்தையை எடுத்தது யார் என்று கேட்டாள். அண்ணன் என்னைக் காட்டினார்.

"அக்கா, அந்தப் பூவ எடுத்த மாதிரியே என்னையும் எடுங்க. வெள்ளையாக்க வேணாம்."

அண்ணன் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து, பழையதை அல்ல, புதுக் கெமராவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

கல்யாணத்தன்று வானம் மூடிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்து அலுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் சந்தோஷம். கதிரை மேல் ஏறினேன், கூட்டத்துக்குள் இடித்துக்கொண்டு போனேன், விழவில்லை. அல்பம் தயாரானதும் அண்ணன் பக்கம் பக்கமாகப் புரட்டினார், பவுடரைப் பற்றிக் கேட்கவேயில்லை. நான் ஒரே ஒரு படத்தைத்தான் தேடினேன். மணப்பெண் மடியில் கைகளை வைத்துக்கொண்டு நேராகப் பார்க்கிறாள். முகமும் கைகளும் ஒரே நிறம்.