ஆயா சோஃப்யாவில் நான் சொன்ன ஒரே கல்

கைடு வேலையில முதல்ல தேயறது செருப்பு, அடுத்தது நாக்கு. பன்னெண்டு வருஷம் மாமல்லபுரத்துல அஞ்சு ரதத்துக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் நடுவே கத்திக் கத்தி ரெண்டையும் தேய்ச்சவன் நான். இந்தத் தொழில்ல மாட்டிக்கிட்டவங்க இதைப் படிச்சா, நம்ம கதையும் இதேதான்னு தலையில அடிச்சுக்குவீங்க.

ரெண்டாயிரம் பொறந்து கொஞ்ச வருஷம் ஆகியிருக்கும். செங்கல்பட்டுல ஒரு டிராவல்ஸ்ல சேர்ந்து வேடந்தாங்கல் வேன்ல ஜனங்களுக்குக் கொக்கும் நாரையும் காட்டிக்கினு இருந்தேன். ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, கல்பாக்கத்து குரூப் ஒண்ணை இஸ்தான்புல் கூட்டிப் போகச் சொன்னார். சக்கரவர்த்திங்க ஆண்ட பழைய ஊர். மசூதிங்களும், மசூதியா மாறின சர்ச்சுங்களும் பார்க்கணும். அந்த ஊர் கைடு இங்கிலீஷ்ல சொல்றதை நான் தமிழ்ல சொல்லணும். கிளம்பறப்போ முதலாளி சொன்னார்: "டூர் எப்படி இருந்துச்சுன்னு குடும்பத்துக்கு ஒரு ஃபாரம் எழுதி வாங்கினு வா. ஒரே ஒரு கம்ப்ளைன்ட் இருந்தாலும் மறுபடியும் கொக்கு காட்டத்தான் போவணும், இன்னா?"

பாஸ்போர்ட் எடுத்ததையே ஊர் பூரா தம்பட்டம் அடிச்சு வெச்சிருந்தேன். திரும்பவும் வேன்ல ஏறினா மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வெச்சுக்கிறது?

டோக்கன் எங்கே?

முதல்ல நீல மசூதி. செருப்பைக் கழட்டி, அவங்க குடுக்கிற பிளாஸ்டிக் பையில போட்டு, கையோட உள்ளே எடுத்துப் போகணும். அதான் அங்கே வழக்கம். குரூப்ல ஒரு ரிடையர்டு இன்ஜினீயர். அவர் வீட்டம்மா திருக்கழுக்குன்றத்துல பொறந்து வளர்ந்தவங்க. அந்தம்மா வாசல்லயே நின்னுட்டாங்க. சாமி கும்பிடற இடத்துக்குள்ள செருப்பைத் தூக்கினு போறதா? டோக்கன் குடுக்கிற ஆளைத் தேடி சுத்தும்முத்தும் பார்த்தாங்க. அவங்களைப் பார்த்து மொத்த குரூப்பும் பையைக் கீழே வெச்சுடுச்சு.

வேற வழி? இருபத்திரண்டு ஜோடிக்கும் நானே காவல். குளிர்ல பல்லு தந்தி அடிக்குது. அரைமணி கழிச்சு, முக்காட்டை எடுத்துக்கினே வெளியே வந்த அம்மா முகத்துல அப்படி ஒரு திருப்தி. சொன்னாங்க: "இன்னா அழகு, இன்னா அமைதி! இவ்ளோ தூரம் வந்துட்டு நீ பார்க்காம இங்க நின்னுக்கினு கீறியே தம்பி!"

எந்த ஆயா?

எதிர்லயே ஹாகியா சோபியா. கட்டினப்போ சர்ச், அப்புறம் மசூதி, நாங்க போனப்போ மியூசியம். அந்த ஊர்க்காரங்க வாயில அது 'ஆயா சோஃப்யா'. உள்ளூர் கைடு பத்து தடவை ஆயா ஆயான்னதும் நம்ம அம்மா என் சட்டையைப் பிடிச்சு இழுத்தாங்க, "யார் தம்பி அந்த ஆயா?"ன்னு. ஆயா கீயா யாரும் இல்லீங்கம்மா, 'புனித ஞானம்'னு அர்த்தம்னு தொண்டைத்தண்ணி வத்த விளக்கினேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, மேலே மரியாள் படத்தைக் கைகாட்டினாங்க: "ஆளே இல்லைன்றியே, அப்போ புள்ளையை மடியில வெச்சுக்கினு உக்காந்துகீறது யாரு?"

ஒரே கல்

அங்கேயே நடந்ததுதான் என் பெரிய கூத்து. உள்ளூர் கைடு யாரையோ பார்க்க அந்தண்டை போயிட்டான். எல்லாரும் தலைக்கு மேல இருக்கிற கும்மட்டத்தை அண்ணாந்து பார்த்துக்கினு கம்முனு நிக்கறாங்க. கம்முனு நிக்கிற கூட்டத்தைக் கண்டா கைடு வாய் சும்மா இருக்குமா? அதுவா ஆரம்பிச்சுடுச்சு: "இது முழுக்க ஒரே கல்லுங்க. மேலேர்ந்து கீழே செதுக்கினே வந்திருக்காங்க."

ஆகான்னு கூட்டம் வாயைப் பொளந்தது. இன்ஜினீயர் மட்டும் சுவத்துல பூச்சு உதிர்ந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, "தம்பி, ஒரே கல்லுன்னா இந்தச் செங்கல் எதுக்கு?"ன்னார். சமாளிக்கலாமான்னு ஒரு நிமிஷம் பார்த்தேன். முடியலை. "தப்பு சார். மாமல்லபுரத்து ரதத்துக்குப் பாடற பாட்டு வாய்க்கு வந்துடுச்சு. இது செங்கல்லும் சாந்தும்தான்"னு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னேன். அவர் பாக்கெட் டைரியை எடுத்து என்னமோ எழுதினார். ஒழிஞ்சேன்னு நினைச்சேன்.

அதோட விட்டாரா? தொழுகைத் திசை காட்டுற மாடம் நேரா இல்லாம கொஞ்சம் ஒருச்சாய்ஞ்சு இருக்கே, ஏன்னார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கலை. உள்ளூர் கைடைத் தேடிப் பிடிச்சுக் கேட்டு வந்து சொன்னேன். சர்ச்சா கட்டினது கிழக்கு பார்த்து. மசூதியானதும் மெக்கா திசைக்கு இந்த மாடத்தை மட்டும் புதுசா, சாய்ச்சு வெச்சாங்களாம். இன்ஜினீயர் அதையே பார்த்துட்டு சொன்னார்: "இடிக்காம, நிக்கிற திசையை மட்டும் மாத்திக்கிட்டாங்க. கெட்டிக்காரங்கப்பா."

ஃபாரம்

செங்கல்பட்டுல முதலாளி ஃபாரம் ஒவ்வொண்ணா சத்தமா படிச்சார். நல்லது, ரொம்ப நல்லது, சாப்பாட்டுல காரம் பத்தலை. அப்புறம் இன்ஜினீயர் வீட்டு ஃபாரம். "கைடு பெரிய தவறு ஒன்று சொன்னார்"னு படிச்சுட்டு, கண்ணாடிக்கு மேல என்னைப் பார்த்தார்.

மிச்சத்தையும் படிச்சார்: "சுட்டிக்காட்டியதும் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். முப்பத்திரண்டு வருட இல்லறத்தில் ஒருவர் இப்படித் தவறை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. அடுத்த முறையும் இவரையே அனுப்பவும்." அதுக்குக் கீழே வேற கையெழுத்துல அம்மா எழுதியிருந்தாங்க: "இல்லறம் பற்றிய வரி தவறு. அவரை ஒப்புக்கொள்ளச் சொல்லவும்."

முதலாளி சிரிச்ச சிரிப்புல ஃபாரமெல்லாம் கீழே கொட்டிச்சு. அடுத்த மாசமே இன்னொரு குரூப்போட என்னை ஏத்திவிட்டார். ஆக, வேடந்தாங்கல் கொக்குக்கும் எனக்கும் இருந்த உறவு அறுந்தது என் திறமையால இல்லீங்க, அந்தப் புருஷன் பொண்டாட்டி சண்டையோட புண்ணியத்துல.