நடுப்பகல் வெயில் நின்ற பக்கம்

மரியபுஷ்பம் அக்கா பிறந்தது தென்னாப்பிரிக்காவில், நேட்டால் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில். அவருடைய அப்பா உபகாரசாமி சிறு வயதில் பெற்றோரோடு சேலத்திலிருந்து கப்பலேறியவர். மனைவியை அந்த மண்ணில் புதைத்துவிட்டு, 1952இல் மகளோடு திரும்பி வந்தார். மகளைச் சேலத்துக் கன்னியர் மடத்து விடுதியில் சேர்த்துவிட்டு, எடப்பாடிக்கு அப்பால் ஒரு சிற்றூரில், தன் சித்தப்பா மகள் அன்னாள் வீட்டில் தங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் லாரி ஓட்டும் செபஸ்தியானைக் கட்டிக்கொண்டு அக்கா சேலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தார்.

வந்த கொஞ்ச நாளிலேயே தெருவில் அவருக்குப் பொய்க்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. குழாயடியில் ஒருநாள், "அங்கே கிறிஸ்மஸுக்கு வேர்த்துக் கொட்டும். ஆடி மாசம்தான் குளிர். கம்பளி இல்லாம படுக்க முடியாது" என்று சாதாரணமாகச் சொன்னார்.

எதிர்வீட்டு வசந்தாமணி குடத்தை இடுப்பில் ஏற்றியபடி சிரித்தாள். "மார்கழில வேக்குமாமா! கப்பல்ல வந்தவ என்னமா அளக்கறா பாருங்கடி. ஏனுங்க அம்மணி, அங்க மழை கீழயிருந்து மேல பெய்யுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா தண்ணீர் பிடிக்காமலே வீட்டுக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு தெரியாத ஆட்களிடம் வாய் திறக்கவே கூசுவார். என்னிடம் மட்டும் பேசுவார். நான் யாரிடமும் அதிகம் பேசாதவள் என்பதால் இருக்கலாம்.

1955 தை மாசம், ஒரு காலையில் அன்னாளின் ஊரிலிருந்து அங்கமுத்து என்பவர் வந்து வாசலில் நின்றார்.

"அம்மணி, அப்பா விடியக்காலம் தவறிட்டாருங்க. நாலு மணிக்கு எடுக்கறது. மக வந்து மொகம் பாக்கோணும்னு பொட்டிய மூடாம வெச்சிருக்காங்க."

பெற்ற பிள்ளை நெற்றியில் சிலுவை போட்ட பிறகுதான் பெட்டியை மூடுவது அவர்கள் வீட்டு வழக்கம். உபகாரசாமிக்கு இருந்தது இந்த ஒரு மகள்தான்.

அக்கா அதுவரை அந்த ஊருக்குப் போனதில்லை. அப்பாதான் வந்து பார்த்துவிட்டுப் போவார். செபஸ்தியான் லாரியோடு பெங்களூர் போயிருந்தார். அங்கமுத்து ஓமலூரிலும் சாவு சொல்ல வேண்டியிருந்ததால் வழியைச் சொன்னார்: "புளியமரத்து ஸ்டாப்புல எறங்குங்க. வண்டித்தடம் ரெண்டு பிரியும். வடக்க போறதுல நேராப் போனீங்கன்னா ஒரு மணி நேரத்துல ஊரு வந்துரும்." கைக்குழந்தை ஆரோக்கியத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அக்கா ஓடினார்.

பஸ் விட்டுப் போனபோது உச்சிப்பொழுது. புளியமரத்தடியில் யாரும் இல்லை. கடலை பறித்து முடிந்த காடுகள் வெறுமையாகக் கிடந்தன. யாராவது இருந்திருந்தாலும் அக்கா வழி கேட்டிருப்பாரா என்று தெரியவில்லை. வடக்கைக் கண்டுபிடிக்க அவருக்கு யாரும் வேண்டியதில்லை. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை அவர். நடுப்பகலில் சூரியன் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அதுதான் வடக்கு. நேட்டாலில் எந்த மாசத்திலும் அது மாறியதில்லை. சேலத்துச் சந்துக்குள் திசை பார்க்கும் வேலையும் அவருக்கு வந்ததில்லை. முகத்தில் வெயில் விழுந்த தடத்தில் வேகமாக நடந்தார்.

வெகுதூரம் போன பிறகுதான் ஒன்று உறுத்தியது. வடக்கே பார்த்து நடந்தால் பொழுது இடக்கைப் பக்கம் இறங்க வேண்டும். அது வலக்கைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா நின்றார். அப்போது ஒரு பெண் ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தாள். குப்பாயி என்று பெயராம். அக்கா ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"அட சாமி! அது வடக்கயல்ல இருக்குது? நீ தெக்க வந்துட்டியே."

"வெயிலப் பாத்துத்தானே நடந்தேன்?"

"தை மாசத்துல பொழுது தெக்கதான நிக்கும்? ஆட்டுக்குட்டிக்கே தெரியுமே." சிரித்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "என்ன சாமி, கேதமா?" என்று கேட்டாள். அக்கா தலையாட்டினார். ஆடுகளை அப்படியே விட்டுவிட்டுக் குறுக்கு வழியில் பாதித் தூரம் கூடவே ஓடிவந்தாளாம்.

அக்கா கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது மண் தள்ளி முடித்து மேடு கட்டிக்கொண்டிருந்தார்கள். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று உபதேசியார் சொல்லிவிட்டாராம். அன்னாள் அத்தை எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"ஒரு மணி நேர வழிக்குப் பொழுதெறங்கி வாரியே, எங்கடி நின்னே? உனக்காவ எவ்வளவு நேரம் பொட்டியத் தொறந்து வெச்சிருந்தோம் தெரியுமா?"

"வடக்கேன்னு நெனச்சுத் தெக்க போயிட்டேன் அத்தை."

"பெத்தவன் சாவுக்கு வரமுடியாதவளுக்குச் சொல்லறதுக்கு ஒரு சாக்கு!"

அத்தை அதன்பின் அவரிடம் பேசவே இல்லை. அக்காவும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் போய், அப்பாவின் மேட்டில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். நடந்ததைப் பற்றி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். தன் புத்திதான் அன்றைக்குக் கலங்கிவிட்டது என்றே கடைசியில் முடிப்பார். அன்னாள் அத்தை 1965இல் இறந்துபோனார். அக்காவுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. கல்லறைத் திருநாளன்று அப்பாவின் மேட்டுக்குப் பக்கத்தில் புது மேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

மறு வருஷம் ஐப்பசியில் ஒரு மாலை, ஏழாவது படித்த ஆரோக்கியம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பூகோளப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். நானும் அக்காவும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம்.

"வட அரைக்கோளத்தில் குளிர்காலமாக இருக்கும்போது தென் அரைக்கோளத்தில் கோடைகாலமாக இருக்கும். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட வெப்ப மண்டலத்தில் மட்டுமே சூரியன் உச்சிக்கு வரும். மகர ரேகைக்குத் தெற்கே வாழ்பவர்களுக்கு நடுப்பகல் சூரியன் எப்போதும் வடக்கே தெரியும்."

அக்காவின் கையில் முறம் நின்றது. "அத மறுபடி படி" என்றார். ஆரோக்கியம் படித்தாள். "நேட்டால் எங்கே இருக்கு, காட்டு."

குழந்தை படத்தில் மகர ரேகைக்குக் கீழே விரல் வைத்தாள். பிறகு பூமத்திய ரேகையைத் தாண்டி மேலே வந்து சேலத்தில் வைத்தாள். அக்கா அந்த இரண்டு இடங்களையும் வெகுநேரம் பார்த்தார்.

"என் புத்தி கலங்கலியே" என்றார் என்னிடம். "அந்த ஊருப் பொழுதப் பாத்து இந்த ஊருல நடந்திருக்கேன்."

"ஆமாங்க அக்கா."

"அத்தைக்கு இது தெரிஞ்சிருக்க வழியில்ல. எனக்கே தெரியலியே." கண்களைத் துடைத்துக்கொண்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தார்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்குக் கிளம்பும்போது கோயில் வாசல் கடையில் அக்கா இரண்டு மெழுகுவர்த்தி வாங்கினார். ஒன்று அத்தைக்கு.