மார்கழியில் பிரிக்காத கலங்கள்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து அழகையா எனக்குச் சின்னாயி மகன், தம்பி முறை. அவனுடைய மூத்த மகள் அன்னலட்சுமி கொழுந்து பறித்தது கொஞ்ச காலம்தான். அப்புறம் பதுளைக்கு எலிப்பிள்ளை வளர்க்கப் போனாள். லயத்து வீடுகளில் அப்படிச் சொல்லித்தான் கேலி செய்தார்கள்.

பதுளைக் கடைக்காரர் மகன் வைரவநாதன் சீமையில் படித்த டொக்டர். மாட்டுப் பண்ணைக்குப் பின்னால் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். எலியின் கரு தாய் வயிற்றில் ஒட்டுவதற்கு முன்பே அதிலிருந்து எடுத்த உயிர்க்கலங்களை அங்கே கண்ணாடித் தட்டில் வளர்த்தார். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தோலாகவோ எலும்பாகவோ இன்னும் ஆகாத கலங்கள். அப்படி ஆகாமலே வைத்திருப்பதுதான் வேலை. தினமும் ஊட்டநீர் மாற்ற வேண்டும். தட்டு நெருக்கமானதும் பிரித்துப் புதுத் தட்டுகளில் விட வேண்டும். அன்னம் இரண்டையும் சுத்தமாகச் செய்வாள். அந்த வேலை போனால் மறுபடியும் கூடையும் அட்டைக்கடியும்தான்.

எண்பத்தாறில் மார்கழி பிறந்ததும் டொக்டர் கொழும்புக்குப் போனார். பின்னாலேயே மழை. மலை சரிந்து ரோட்டும் ரயிலும் நின்றுவிட்டன. போனில் கேட்டார்.

"புள்ளைங்க எப்படி அன்னம்?"

"நல்லா இருக்குங்க ஐயா. பசி தெரியாம பாத்துக்கிறேன்."

ஊட்டியது உண்மைதான். பிரிக்கவில்லை. மார்கழியில் எங்கள் ஆட்கள் குடும்பம் பிரிக்க மாட்டார்கள். இவள் சித்தப்பன் முத்தையா ஒரு மார்கழியில் தனி அடுப்பு வைத்துக்கொண்டு போனவன். இவள் அம்மா செத்ததற்குக்கூட வரவில்லை. அதைக் கண்ட பிள்ளைக்கு, ஒரு தட்டில் ஒட்டிக் கிடப்பதைப் பிரிக்கக் கை வருமா?

வழி திறந்து டொக்டர் வந்தார். தட்டைப் பார்த்ததுமே அவர் முகம் செத்துப்போயிற்று. கலங்கள் குவிந்து கட்டி கட்டியாகக் கிடந்தன.

"பிரிக்கலையா?"

"மார்கழிங்க ஐயா. தை பொறக்கட்டும்னு..."

"எலிக்கு ஏது புள்ள மார்கழி?"

அன்னம் கை துடைக்கிற துணியை மடித்து வைத்தாள். "அப்ப நான் வேலைய விட்டு நின்னுக்கிறேங்க."

தட்டை நுணுக்குக்காட்டிக்கு அடியில் வைத்துக் குனிந்தவர் நிமிரவேயில்லை. பிறகு, "இங்க வா" என்றார். அவள் குனிந்து பார்த்தாள். ஒரு கட்டி சுருங்கி விரிந்தது. மறுபடியும் சுருங்கி விரிந்தது.

"ஐயா, துடிக்குதுங்க!"

"இதயக் கலமா மாறிருச்சு. இனி எனக்கு உதவாது."

"வளர விட்டா ஏதாச்சும் ஆகத்தானுங்களே செய்யும்?"

"ஆக விடாம வைக்கத்தானே உனக்குச் சம்பளம்!" என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாட்டுச் சினை ஊசிக்கு விந்து உறையவைக்கும் நைட்ரஜன் குடுவையில், அதே கலங்களில் கொஞ்சம் முன்பே போட்டு வைத்திருந்தார். அதனால் அவள் வேலை தப்பியது. அதை எடுத்து உருக்கி முதலிலிருந்து தொடங்கினார்கள். தை பிறக்கும்வரை பிரிக்கிற வேலையை டொக்டரே செய்தார்.

"அந்தப் பாவம் எனக்கே வரட்டும். நீ ஊட்டு."

துடித்த தட்டைக் கொட்டச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்தால் அது தட்டுகளை இளஞ்சூட்டில் வைக்கும் சூட்டுப்பெட்டிக்குள்ளேயே இருந்தது. பெட்டிக் கதவை மெல்லச் சாத்தினார்.

பொங்கலன்று அன்னம் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, தானே பிரித்து வைத்தாள். அடுத்த மார்கழியில் டொக்டர் கொழும்புப் பக்கமே போகவில்லை.