சாமந்திக்குத் தண்ணீர் விடாதே என்றாள்

எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கையெழுத்துப் போடவும் மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆனால் மண்ணைப் பார்த்தால் அது எப்போது நனைந்தது என்று சொல்லிவிடுவேன். என்னிடம் போய், செடிக்குத் தண்ணீர் விடாதே என்று அந்தச் சின்னம்மா சொன்னாளே, இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலை எதுவும் வராத காலம். பாகலூருக்கு அருகே ஒரு பங்களாத் தோட்டத்துக்கு நான்தான் தண்ணீர் கட்டினேன். வேலியோரம் நாலு பாத்தி சாமந்தி. நாற்றிலிருந்து என் கைப்பட வளர்ந்தது. அதன் முதல் பூ ஊர் மாரியம்மனுக்கு மாலையாகப் போகும். அது அந்த வீட்டு வேண்டுதல். மாலை கட்டுவதும் நான்தான்.

அந்த வருஷம் பண்டிகைக்குப் பத்து நாள் இருக்க, மொட்டு விரியும் சமயத்தில், வீட்டம்மாவின் தங்கை பெங்களூரிலிருந்து வந்தாள். மூன்று கால் பலகையைப் பாத்திக்கு எதிரே நிறுத்தி, குழாய்களைப் பிதுக்கி, எண்ணெய்ச் சாயத்தில் படம் போட ஆரம்பித்தாள். காலை எட்டு மணி வெயில்தான் வேண்டுமாம். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடுவது என் வழக்கம்; மறுநாள் விடியலில் விட்டேன். வந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"ஏ பொண்ணே! நேத்து இருந்த மண்ணு எங்கே?"

"மண்ணை நான் மூட்டை கட்டிக்கிட்டா போவேன் சின்னம்மா? அங்கேதான கெடக்குது."

"நேத்து பளிச்சுன்னு செவப்பா இருந்துது. இப்போ கறுத்துப்போச்சு. படம் முடியற வரைக்கும் தண்ணி விடாதே."

"மொட்டு விரியற நேரம். கருகிடுமே!"

"செடிதானே."

வீட்டம்மாவிடம் போய் முறையிட்டேன். "என் தங்கச்சி எப்பவோ ஒருதரம் வர்றா. ஒரு வாரம் பொறுடி" என்றாள்.

"அம்மன் பொறுப்பாளாம்மா?"

"மாலைக்கு நீதான் பொறுப்பு. கொறை வந்துச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன்."

தண்ணீரும் விடக்கூடாது, மாலையும் குறையக்கூடாது. என்ன நியாயம் இது! இரண்டு நாள் பொறுத்தேன். மதியத்தில் இலையெல்லாம் துவண்டு தொங்கின. அன்று சாயங்காலம் அவள் உள்ளே போனதும், செடிக்குச் செடி அடிமண்ணைக் கிளறி ஒவ்வொரு சொம்பு தண்ணீர் விட்டேன். வண்டிப்பாதையில் கிடந்த அதே செம்புழுதியைச் சலித்து மேலே தூவினேன். விடிந்ததும் மண் காய்ந்த மண்ணாகவே இருந்தது. நிழலில் ஏழு நிறம் தெரிகிறது என்று பெருமை பேசியவள் கண்ணுக்கு இது தெரியவில்லை. படம் முடியும்வரை தினமும் அதையே செய்தேன்.

கடைசி நாள் தூரிகையைத் துடைத்துக்கொண்டே அக்காவிடம் சொன்னாள்: "பாத்தியாக்கா? ஒரு வாரமா தண்ணியே இல்லை, செடி எப்படி நிக்குது! இவங்க கொட்டறதெல்லாம் வீண். ஒண்ணும் தெரியாத ஜனம்."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. குனிந்து ஒரு செடியடியில் கையை விட்டேன். ஈரம் சொட்டும் கறுத்த மண்ணை ஒரு பிடி அள்ளி அவள் சாயம் குழைக்கும் பலகையின் ஓரத்தில் வைத்தேன்.

"இந்த நெறத்தையும் போட்டுக்குங்க சின்னம்மா."

வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கிய பிறகு, "வாயைக் கொறைடி" என்று என்னைத்தான் அதட்டினாள்.

அம்மனுக்கு மாலை முழங்கால் வரை தொங்கியது. படம் பங்களாக் கூடத்தில் தொங்கியது. வந்தவர்களெல்லாம், "மண்ணோட நெறம் அப்படியே இருக்குதே!" என்று மெச்சினார்கள். அந்த மண் நான் சலித்துப் போட்டது என்று வீட்டம்மா ஒருவரிடமும் சொன்னதில்லை. நான்தான் சொன்னேன், வந்தவர்கள் அத்தனை பேரிடமும்.