மேல் ஈற்றில் முதல் பல்

காலை ஆறு மணி பத்து நிமிடம். பாயில் மல்லாந்து கிடந்த மகள் கொட்டாவி விட்டபோது, மேல் ஈற்றில், நடுவிலிருந்து சற்றே இடப்பக்கம் தள்ளி, குருணை அளவுக்கு ஒரு வெள்ளை தெரிந்தது.

பால் திட்டு என்றுதான் நினைத்தேன். எட்டு மாதக் குழந்தை. சற்று முன்புதான் பால் குடித்திருந்தாள். கை கழுவிவிட்டு வந்து, ஈரத் துணியைச் சுட்டுவிரலில் சுற்றித் துடைத்தேன். போகவில்லை. செல்போனில் படம் எடுத்துப் பார்த்தேன். சிலவற்றில் நாக்கு மட்டும் இருந்தது, மற்றவற்றில் என் விரல். நாளிதழ் ஒன்றில் செய்திப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். இப்படிப்பட்ட படத்தை நம்பி ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

மனைவியை அழைத்தேன். கேழ்வரகுக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தவள், கழுவி வைத்திருந்த சில்வர் ஸ்பூன் ஒன்றை எடுத்து வந்து அந்த இடத்தில் மெதுவாகத் தட்டினாள். 'டிக்' என்று கேட்டது.

இரண்டு வாரமாக இதற்காகத்தான் காத்திருந்தோம். எச்சில் வடிந்து சட்டை நனைந்துகொண்டே இருந்தது. டிவி ரிமோட், என் பெல்ட், தண்ணீர் பாட்டில் மூடி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மகள் கடித்தாள். ஒரு நாளைக்குப் பலமுறை மனைவி கீழ் ஈற்றைத் தடவிப் பார்ப்பாள். ஆனால் இப்போது பல்லைப் பார்த்தும் அவள் சிரிக்கவில்லை.

"கீழதான முதல்ல வரணும்?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"இது மேல இருக்கு."

"தெரியுது," என்றேன்.

ஸ்பூனைத் தரையில் வைத்துவிட்டு, "அண்ணனுக்கு ஆகாது," என்றாள்.

முதல் பல் மேலே முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. என் அம்மாவுக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது என்பதால் எங்கள் வீட்டில் இதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. மனைவிக்கு ஒரே அண்ணன். டி. கல்லுப்பட்டியில் இருக்கிறார். மின் கம்பத்தில் ஏறி லைன் வேலை செய்வது அவர் தொழில். வேறு வேலையில் இருந்திருந்தால் அவளும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அன்று காலையே குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் விளக்கடித்துப் பார்த்து, பல்தான் என்றார். சில குழந்தைகளுக்கு மேலே முதலில் வரும், அதில் ஒன்றுமில்லை. இனி காலையும் இரவும் சுத்தமான ஈரத் துணியால் துடைக்க வேண்டும். அல்லது குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ். பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கவிடக் கூடாது. ஈறு நமைச்சலுக்கு ரப்பர் வளையத்தை ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுக்கலாம், ஃபிரீசரில் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் களிம்பு எதையும் தடவ வேண்டாம். நான் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். மனைவி கேட்டது ஒரே கேள்விதான்.

"கீழ்ப் பல்லு எப்ப சார் வரும்?"

"வரும்மா."

"இந்த வாரத்துக்குள்ள வந்துருமா?"

மருத்துவர் விளக்கை அணைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "உங்களுக்கு அண்ணனா, தம்பியா?" என்றார்.

அவருக்கும் தெரிந்திருந்தது. அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். ஆட்டோவில் திரும்பும்போது அவள் மகளின் கீழ் ஈற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மத்தியானம் தன் சித்திக்கு போன் போட்டு, யாரோ ஒரு தோழியின் குழந்தைக்கு என்று சொல்லி விசாரித்தாள். ஆண் குழந்தைக்கு வந்தால்தான் தோஷம் என்றார் சித்தி. கொஞ்ச நேரம் கழித்து அவரே திரும்ப அழைத்து, இல்லை, பெண் குழந்தைக்குத்தான் என்றார். கீழ் வீட்டில் குடியிருக்கும் டீச்சரிடமும் மனைவி சொல்லியிருந்தாள். அவர் மிஷன் பள்ளியில் வேலை பார்ப்பவர். சாயங்காலம் படியில் என்னைப் பார்த்ததும், "நாங்க இதெல்லாம் நம்புறதில்ல சார். வேதத்துல இல்லாத விஷயம்," என்றார். நான் தலையாட்டிவிட்டு ஏறினேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆனா உங்க மச்சான்கிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டு? கீழ ஒண்ணு வரட்டுமே!"

மனைவியின் முடிவும் அதுதான். கீழ்ப் பல் வரும்வரை அண்ணனுக்குத் தெரியக் கூடாது.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கும்போது குழம்பிப்போனேன். பல்லால் அவருக்கு எதுவும் ஆகாது. ஆனால் பல்லைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒருவர், கம்பத்தின் உச்சியில் பெல்ட்டை மாட்டும் நேரத்தில் அதை நினைத்தால்? அப்படியானால் சொல்லாமல் இருப்பதுதான் சரி. சொல்லாமல் இருந்தால் நானும் அதை நம்புகிறவனைப் போலத்தான் நடந்துகொள்கிறேன். அலுவலகத்தில் ஒரு செய்தியை நிறுத்தி வைக்கிறோம் என்றால், அது உறுதியாகவில்லை என்று பொருள். இது உறுதியான செய்தி. ஸ்பூனால் தட்டிப் பார்த்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். வாரம் தவறாமல் வருகிறவர். வாசலில் நின்றே, "மருமகளே!" என்று கூப்பிட்டார். அந்தக் குரலைக் கேட்டால் மகள் வாய் முழுக்கத் திறந்து சிரிப்பாள். மனைவி அவசரமாக ரப்பர் வளையத்தை அவள் வாயில் கொடுத்தாள்.

"கொண்டா இங்க."

"எச்சி வடியுதுண்ணே. சட்டை பாழாப் போயிரும்."

"என் சட்டை மேல எப்பருந்து இம்புட்டு அக்கறை?"

"தூங்கப் போறா."

"முழியப் பாரு, உருட்டிக்கிட்டு இருக்கா. தூங்கப் போறாளாம்!"

மனைவி டீ போடக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்து இறக்கிவிட்டதும் மகள் நேராக அவரிடம் தவழ்ந்தாள். அவர் குனிந்து கை நீட்டினார். மனைவி ஓடி வந்து பின்னாலிருந்து தூக்கிக்கொண்டாள். நீட்டிய கை அப்படியே சற்று நேரம் இருந்தது.

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "மாப்ள, நான் எதுவும் தப்புப் பண்ணிட்டனா?"

"அதெல்லாம் இல்ல மச்சான்."

"பெறகு எதுக்குப் பிள்ளையத் தொடவிட மாட்டேங்குறா? போன வாரம்கூட நல்லாத்தான பேசிக்கிட்டிருந்தா." எழுந்து ஹெல்மெட்டை எடுத்தார். "சரி, நான் வாரேன்."

இப்படிப் போனால் அடுத்த வாரம் வரமாட்டார் என்பது அவர் நின்ற விதத்தில் தெரிந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். சொல்லச் சொல்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

"மச்சான், பாப்பாவுக்குப் பல்லு முளைச்சிருக்கு," என்றேன்.

"அட! அதுக்கா இம்புட்டு..."

"மேல."

அவர் கையில் ஹெல்மெட் இருந்தது. "என்னைக்குப் பாத்தீங்க?"

"செவ்வாக்கிழமை காலைல."

"செவ்வாயா," என்றார். எங்கள் இருவரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல," என்றார். செவ்வாய்க்கிழமை அவருக்கு என்ன நடந்தது, ஏதாவது நடந்ததா என்பதே எனக்குத் தெரியாது.

பிறகு உட்கார்ந்து, "கொண்டா இங்க," என்று தங்கையிடம் கை நீட்டினார். மனைவி கொடுத்தாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கை கழுவி வருவதற்குள் மகள் அவர் தோளைக் கடித்தாள். கழுவிய விரலால் மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். அவள் விரலையும் கடித்தாள்.

"ஆத்தாடி! மாமனுக்கு ஆகாதுன்னா இதானா? விரலயே எடுத்துட்டா!"

சத்தமாகச் சிரித்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு லீவு போடுண்ணே," என்றாள்.

"போடி கிறுக்கு. நாளைக்கு லைன் மாத்துறோம். நான் இல்லாம எவன் ஏறுவான்?" குழந்தையின் முகத்தருகே குனிந்தார். "இந்தா இருக்கு, இம்புட்டுக்காணு பல்லு. இதாடி உன் மாமன என்னமோ செய்யப் போகுது?"

ஈரத் துணியால் எப்படித் துடைப்பது என்று மனைவி காட்டினாள். அவரும் ஒருமுறை துடைத்துப் பார்த்தார். இரண்டு கிளாஸ் டீ குடித்தார். படி இறங்கும்போது விசிலடித்துக்கொண்டே போனார். பயம் இல்லாததால் அடித்த விசிலா, எங்களுக்காக அடித்ததா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மனைவி அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை வேலைக்கு நடுவே அவருக்கு போன் செய்தேன். ஆட்கள் சத்தமும் வண்டிச் சத்தமும் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். குக்கர் விசில் கேட்டது.

"சொல்லுங்க மாப்ள."

"எங்க இருக்கீங்க மச்சான்?"

"வீட்லதான்."

"லைன் மாத்துறதாச் சொன்னீங்க?"

"அது நடக்குது. வேற ஆள் ஏறுறான்." சற்று நிறுத்தி, "தங்கச்சிகிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேணாம்," என்றார்.

கீழ் ஈற்றில் முதல் பல் வெள்ளிக்கிழமை வெளியே வந்தது. சனிக்கிழமை அவர் வேலைக்குப் போனார்.