பெரிய டாக்டருக்கு எழுந்து நின்றவர்

சைகோனில் மயக்க மருந்து டாக்டராக இருந்த வருஷங்களில் நான் அடித்த கூத்துகளில் இதற்குத்தான் முதலிடம்.

சைகோன் துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய்க்காரர் ஒருவர். அப்பா காரைக்காலிலிருந்து வந்து துறைமுகத்தில் வேலை பார்த்தவர். இவருக்கு நாக்கின் அடியில் கட்டி. வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. இப்படிப்பட்டவரை முதலில் தூங்க வைத்தால் கட்டி தொண்டையை அடைத்துவிடும், அப்புறம் எழுப்ப ஆள் இருக்காது. விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் கேமராவை விட்டு, மூச்சுக்குழலுக்குள் குழாயை இறக்கியாக வேண்டும்.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார வைத்து, தொண்டை மரத்துப்போக மருந்து அடித்தேன். தலைமை அறுவை மருத்துவர் உள்ளே வந்தார். எங்கள் நர்ஸுக்கு ஒரு பழக்கம்: அவர் தலையைக் கண்டதும், எல்லாம் தயார் என்று காட்டக் கட்டிலைத் தட்டையாக்கிவிடுவார். நோயாளி சட்டென்று எழுந்து நின்றார்.

எனக்கு ஒரே பெருமை. எங்கள் தமிழ் ஆட்கள் டாக்டரைக் கண்டால் உட்கார மாட்டார்கள் என்று வியட்நாமிய மொழியில் விளக்கவுரை வேறு. தலைமை மருத்துவர் நெகிழ்ந்துபோய்க் குனிந்து வணங்கினார். கை கழுவப் போய்த் திரும்பினார். அதற்குள் நான் உயர்த்தி உட்கார வைத்திருந்த கட்டில் மறுபடி இறங்கியது, இவர் எழுந்தார், அவர் வணங்கினார். இப்படியே போனால் ஆபரேஷன் நடக்காது, கோயில் திருவிழாதான் நடக்கும்.

கடைசியில் தலைமை மருத்துவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வெளியே போய், அவ்வளவு பெரிய மனிதர், நோயாளி கண்ணில் படாமல் தவழாத குறையாகக் குனிந்து வந்தார். நோயாளி பார்க்கவில்லை. நர்ஸ் பார்த்தார். கட்டில் இறங்கியது. நோயாளி எழுந்து நின்றார்.

யாருக்காக?

குழறலாக அவரே சொன்னார்: "படுக்கப் போட்டா மூச்சு வரமாட்டேங்குது டாக்டரம்மா. எத்தனை வாட்டி எந்திரிச்சுக் காட்டுறது?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அவர் முன்னால் அதைச் சொல்லவும் முடியாது. மூச்சைப் பார்ப்பதற்கென்றே படித்தவள், மரியாதையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கட்டில் விளிம்பில் முன்னால் சாய்ந்தபடி உட்கார வைத்தோம். தலைமை மருத்துவர் தரையிலேயே மண்டியிட்டு அவர் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டார். நான் எதிரே நின்று குழாயை இறக்கினேன். குழாயின் உள்பக்கம் மூச்சின் ஈரம் படிந்தது, சரியான இடம்தான் என்று தூங்க வைக்கும் ஊசியைப் போட்டேன்.

அவர் கண் சொருகியபோதுதான் என் இடது மணிக்கட்டை விட்டார். அதில் நான்கு நகத்தடங்கள். அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்பது அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.